மூன்று முறை கழுவிய தோங்

புனிதா தேனீ வளர்க்கத் தொடங்கியது தேனுக்காக அல்ல, வீட்டுக்காக.

அறுபது வயது முடிந்த அன்று தேயிலை எஸ்டேட் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு கடிதமும் கொடுத்தது. இரண்டையும் ஆபீஸ் எழுத்தரான கிராணி ஒரே பையில் போட்டு நீட்டினார். ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றது கடிதம். லயத்து வரிசை வீடுகள் வேலையில் இருப்பவர்களுக்குத்தான். இது புது விஷயமில்லை. அவளுடைய அப்பாவுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. ஆனால் அப்போது வேலையில் அவள் இருந்தாள், அதனால் வீடு தங்கியது. இப்போது அவளுக்குப் பின்னால் யாருமில்லை. மகன் ஜொகூரில் லோரி ஓட்டுகிறான். ஓர் அறை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான். அங்கே போக முடியாது.

பக்கத்து டவுன் ரிங்லெட்டில் வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் கடைகளுக்கு மேலே உள்ள மாடியறைகள். அவள் கணவன் தங்கையாவுக்குப் படியேற வராது. எட்டு வருடமாகக் கை நடுக்கம். இரண்டு வருடமாகக் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டது போல நடை. வாசலில் ஒரே ஒரு படிதான். அதைத் தாண்டவே புனிதா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்று சொல்ல வேண்டும். தரையோடு இருக்கும் இந்த வீடு போனால் அவர் கதி என்ன என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் குகனேஸ்வரன் வந்தார். முப்பத்தெட்டு வயது. தமிழ்ப் பையன் என்றாலும் லயத்துக்கு அவரும் துரைதான். எஸ்டேட்டின் தேநீர்க் கடைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு இங்கேயே எடுத்த தேனை விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஓய்வு பெற்றவர்களில் கொல்லையில் இடம் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஆளுக்கு மூணு பெட்டி தர்றேன். ஜனவரி முதல் வாரம் வந்து பார்ப்பேன். மூணும் உயிரோட இருந்தா, தேனீப் பொறுப்பாளர்னு எழுதி வீட்டை உங்க பேருக்கே விட்டுடறேன். குறைஞ்சா வேற வழியில்லை."

கூடியிருந்த ஏழு பேரில் கையைத் தூக்கியவள் புனிதா ஒருத்திதான். மற்றவர்களுக்கு வேலையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

கற்றுக்கொடுக்க ரிங்லெட்டிலிருந்து நூர்தீன் பாய் வந்தார். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் பதினைந்து வருடமாகத் தேனீ வளர்ப்பவர். காட்டில் பிடித்த மூன்று கூட்டங்களைச் சட்டங்களில் கட்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சௌசௌ பந்தலுக்குப் பக்கத்தில், காற்று நேரே அடிக்காத மூலையில், வாசல் கிழக்கே பார்க்க வைத்தார்கள். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக் கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினார்கள்.

"ரொம்பத் தொறந்து பாக்காதீங்கம்மா," என்றார் பாய். "வாரத்துக்கு ஒரு தடவ, வெயில் நல்லா இருக்கறப்ப. சும்மாச் சும்மா தொந்தரவு பண்ணுனா கூட்டத்தோட பறந்துரும். அதுக்குப் பொறவு நீங்க பெட்டிய விறகாத்தான் எரிக்கணும்."

புனிதாவுக்கு இது கஷ்டமாகத் தெரியவில்லை. நேரத்துக்குத் தீனி, ஈரம் தங்காத இடம், மெதுவான கை, பூச்சி பொட்டு வராமல் சுத்தம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. தங்கையாவைப் புரட்டிப் போடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவது போல, மூடியைத் திறக்கும் முன் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு விரலால் தட்டினாள். அப்படியும் முதல் வாரமே ஒன்று இமையில் கொட்டியது. கண் மூடிக்கொண்டது.

தங்கையா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "ஈக்கு மட்டும் நேரத்துக்குச் சாப்பாடு. நான் கூப்பிட்டா, 'இருங்க வரேன்'."

"நீங்களும் கொட்டுங்க. உங்களுக்கும் நேரத்துக்கு வரும்."

ஆகஸ்டு, செப்டம்பர் நன்றாகப் போனது. தேயிலையைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் அது பூப்பதில்லை. அத்தனை பச்சைக்கும் நடுவே தேனீக்குக் கிடைப்பது ஓரத்துக் காட்டு மரங்களும் சௌசௌப் பூவும்தான். அதை வைத்தே முதல் இரண்டு பெட்டிகளும் கனத்தன. மூன்றாவது மட்டும் சோனி. புழுவும் குறைவு, சேமிப்பும் குறைவு. பாய் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அக்டோபரில் மழை பிடித்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. வெளியே போக முடியாத தேனீக்குச் சீனிப் பாகு வைக்க வேண்டும் என்று பாய் முன்பே சொல்லியிருந்தார்: ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர், சாயங்காலம், பெட்டிக்குள்ளே, முழுகாமல் இருக்க மேலே குச்சி. ஆனால் பைப்பில் வந்தது செம்மண். மேலே எங்கோ மண் சரிந்து, பிடித்து வைத்த குவளையின் அடியில் இரண்டு விரல் சேறு நின்றது. பாய்க்குப் போன் போட்டாள்.

"மழைத் தண்ணி பிடிச்சுக் குடுங்கம்மா. அதைவிட நல்ல தண்ணி ஏது?"

கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பழைய தோங் விரிசல் விட்டிருந்தது. இடுப்பளவு உயரமான நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை லயத்தில் தோங் என்பார்கள். எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஒன்றாவது நிற்கும். தேயிலைக்கு அடிக்கும் பூச்சி மருந்து வந்து இறங்கும் பீப்பாய்கள்தான் அவை. காலியானதும் ஓட்டை போட்டு எண்ணிக் கீழே லோரியில் அனுப்ப வேண்டும் என்று சட்டம். ஆனால் வேலையை மேற்பார்க்கும் கங்காணிமார் அதில் நாலைந்தை லயத்துக்குக் கொடுப்பது அதைவிடப் பழைய வழக்கம். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு எங்கிருந்து வந்தாலும், புதுக்குடித்தனத்துக்குத் தோங் கங்காணி வீட்டிலிருந்துதான் வரும். வாங்கியவர்கள் மூன்று முறை கழுவுவார்கள். முதலில் சாம்பல், அடுத்து சோப்பு, கடைசியில் சுடுதண்ணீர். பிறகு தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார்கள். வாடை இல்லையென்றால் தோங் சுத்தம்.

மருந்து அடிக்கும் கேங்குக்குக் கங்காணி சிங்காரம், புனிதாவின் சின்னம்மா மகன். தீபாவளிக்கு முன் ஐந்து வீடுகளுக்குத் தோங் கொடுத்தான். அக்காவுக்குத் தன் தோளிலேயே சுமந்து கொண்டுவந்து இறக்கினான்.

"புதுசுக்கா. உள்ள பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. உன் ஈ குடிக்கட்டும், மாமா குளிக்கட்டும்."

புனிதா மூன்று முறை கழுவினாள். கவிழ்த்து இரண்டு நாள் வெயில் காட்டினாள். மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. சந்தேகத்துக்குத் தங்கையாவையும் மோந்து பார்க்கச் சொன்னாள். அவரும் ஒன்றுமில்லை என்றார். அவள் பதினொரு வருடம் முதுகில் பம்பு சுமந்து மருந்து அடித்தவள். அவர் பத்தொன்பது வருடம். தாளிப்பு கருகினால் புகையைப் பார்த்துத்தான் இருவரும் தெரிந்துகொள்வார்கள். அந்த மூக்குகளைத்தான் கேட்டாள்.

பத்து நாள் அந்தத் தண்ணீரைச் சுடவைத்துத் தங்கையாவைக் குளிப்பாட்டினாள். முதுகில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. சோப்பை மாற்றினாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முதல் தடவையாகப் பாகு காய்ச்சினாள். தோங்கில் மொண்ட தண்ணீரில் காய்ச்சிய பாகு இரண்டு பெட்டிக்குச் சரியாக இருந்தது. மூன்றாவதுக்குப் போதவில்லை. மறுபடி மழையில் இறங்கித் தண்ணீர் மொள்ளச் சோம்பலாக இருந்தது. தங்கையாவின் பிளாஸ்கில், பைப்பில் பிடித்து வடிகட்டிக் கொதிக்கவைத்த குடிதண்ணீர் மிச்சம் இருந்தது. அதிலேயே சீனியைக் கரைத்து வைத்துவிட்டாள். சோனிப் பெட்டிக்கு இது போதும் என்று நினைத்தாள்.

காலையில் முதல் பெட்டியின் வாசலில் பருப்பு கொட்டியது போல ஒரு குவியல். கிட்டே போனால் தேனீ. சில இன்னும் முதுகைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டாவதும் அப்படியே. மூடியைத் திறந்தாள். அடித்தட்டு செத்த ஈயால் கறுப்பாக இருந்தது. காதை வைத்தாள், சத்தமில்லை. மூன்றாவது பெட்டியைத் தட்டினாள். உள்ளே உர்ரென்றது.

நூர்தீன் பாய் கடையில் மதியச் சாப்பாட்டு வேலையை முடித்து இரண்டு மணிக்கு வந்தார். செத்த ஈயை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்.

"பட்டினியில செத்தா தலை அறைக்குள்ள மாட்டியிருக்கும். குளிருன்னா நடுவுல கொத்தாக் கிடக்கும். இங்க பாருங்க, எல்லாம் நாக்க நீட்டிக்கிட்டுக் கிடக்குது. இது மருந்தும்மா."

"காய்கறித் தோட்டத்துல அடிச்சிருப்பானுங்களோ?"

"அந்த மூணாவது கூட்டம் வேற மலைக்கா மேயப் போவுது? அதுக்கு மட்டும் என்ன வேற குடுத்தீங்க?"

புனிதா பிளாஸ்கைப் பார்த்தாள், தோங்கைப் பார்த்தாள். பாய் எழுந்து போய்த் தோங்குக்குள் தலையை விட்டார். உடனே வெளியே எடுத்தார்.

"யா அல்லா. இதோட வாடையே தெரியலையா உங்களுக்கு?"

அவள் உட்காரவில்லை, தலையில் கை வைக்கவில்லை. தோங்கை உதைத்துச் சாய்த்தாள். உள்ளே போய்த் தங்கையாவின் சட்டையைக் கழற்றி, பிளாஸ்கில் மிச்சமிருந்த தண்ணீரில் துணியை நனைத்து முதுகைத் துடைத்தாள். அவர் "என்ன, என்ன" என்றார். "சோப்பு சரியில்ல" என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீடு சசிரேகா. நான்கு வருடமாக மருந்து கேங்கில் இருப்பவள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. அதே தீபாவளித் தோங் அவள் கொல்லையிலும் நின்றது.

"அந்தத் தண்ணியத் தொடாத. என் ஈ எல்லாம் செத்துப் போச்சு."

"நாங்க அதக் குடிக்கல பெரியம்மா. கழுவ, துவைக்கத்தான்."

"பால் போத்தல எதுல கழுவுற?"

சசிரேகா குழந்தையை இடுப்பு மாற்றினாள்.

சாயங்காலம் சிங்காரம் வந்தான். செய்தி அவனுக்கு எப்படியோ போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றான்.

"ஈதான செத்துச்சு? ஆளா செத்துச்சு?"

"அஞ்சு வீட்டுத் தோங்கையும் திரும்ப எடுத்துக்கிட்டுப் போ தம்பி. இன்னிக்கே."

"எடுத்துக்கிட்டு? பைப்புல சேறு வருது. லயம் பூரா என்னைத் திட்டும். துரை காதுக்குப் போனா என் வேலை காலிக்கா." குரலைத் தணித்தான். "இங்க பாரு, சுங்கை ஆத்துக்கு அந்தப் பக்கம் பாறையில ரெண்டு கூடு இருக்கு. காட்டுல இருக்கற அஸ்லிக்காரனுங்ககிட்டச் சொன்னா ஒரு வாரத்துல பிடிச்சுக் குடுத்துருவானுங்க. ஜனவரிக்கு உனக்கு மூணு பெட்டி நிக்கும். வீடு உனக்கு. நீ வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

"சசி பிள்ளைக்கு ஏழு மாசம்."

"நானும் நீயும் அந்தத் தண்ணியிலதான வளர்ந்தோம்? நல்லாத்தான இருக்கோம்?"

உள்ளே தங்கையாவின் கைக்குவளை தட்டில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள். சிங்காரம்தான் முதலில் கண்ணைத் திருப்பினான்.

இரண்டு நாள் புனிதா வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். இதை மறைப்பதற்கில்லை. மாடிப்படிகளை நினைத்தாள். சிங்காரம் சொன்ன பாறையை நினைத்தாள். மூன்றாம் நாள் காலையில், பால் போத்தல் இரண்டும் சசிரேகா வீட்டுத் தோங் விளிம்பில் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

குகனேஸ்வரன் கவனமாகக் கேட்டார். முகம் வெளுத்தது, அது உண்மை. "யார் கொடுத்தது?" என்றார்.

"சிங்காரம்."

சிங்காரத்தைக் கூப்பிட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, வருத்தமான குரலில் சொன்னான்:

"அக்கா ஸ்டோருக்குப் பின்னாடி இருந்து எடுத்துட்டுப் போனத நான் பாத்தேன் துரை. வயசானவங்க, நம்ம சொந்தம், சொல்ல வேணாமேன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்."

லயத்தில் போய் விசாரித்தார்கள். நாற்பது வீட்டில் தோங் நின்றது. ஒருவருக்கும் யாரும் கொடுத்ததாக நினைவில்லை. சசிரேகாவையும் கேட்டார்கள். "நாங்க குடி வர்றப்பவே இருந்துச்சு துரை," என்றாள். அவளுக்கும் நாளைய வேலைக்கு யார் பெயர் போடுவது என்பது தெரியும். பெயர் போடுவது கங்காணி.

அன்று சாயங்காலமே ஸ்டோர் ஆட்கள் கடப்பாறையோடு வந்தார்கள். வரிசையாக ஒவ்வொரு கொல்லையிலும் தோங்கின் வயிற்றில் குத்தினார்கள். முப்பது வருடத்துப் பழையது, நேற்று வந்தது என்று பார்க்கவில்லை. மழைத் தண்ணீர் எல்லாக் கொல்லையிலிருந்தும் ஒன்றாக ஓடிக் கால்வாயில் விழுந்தது. மாற்றுத் தோங் வரும் என்றார் கிராணி. எப்போது என்று சொல்லவில்லை. பைப்பில் சேறு இன்னும் ஒன்பது நாள் வந்தது. பெண்கள் வேலை முடிந்து வாளியோடு மேல் ஊற்றுக்கு ஏறினார்கள்; புனிதா வீட்டைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தி, கடந்ததும் தொடங்கினார்கள். சசிரேகா மட்டும் நேரடியாகக் கேட்டாள்.

"உங்க ஈ செத்ததுக்கு எங்க தண்ணியையும் சேத்து ஓட்டை போட்டுட்டீங்களே பெரியம்மா? இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எத்தன வாளி சுமப்பேன்?"

புனிதா ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தாள். மறுநாள் காலை அது அப்படியே இருந்தது.

ஜனவரி முதல் வாரம் குகனேஸ்வரன் சொன்னபடி வந்தார். ஒரு பெட்டி உயிரோடு இருந்தது. சோனிப் பெட்டி, இப்போது மூன்றிலும் நல்ல பெட்டி. அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு உங்க மேல தனிப்பட்ட கோபம் இல்லம்மா. ரெண்டு பெட்டி போச்சு, அனுமதி இல்லாம ஸ்டோர் பொருள் எடுத்ததா ரிப்போர்ட்டும் இருக்கு. மேல இடத்துக்கு நான் என்ன எழுதறது?"

"நடந்தத எழுதுங்க துரை."

அவர் பின்வாசல் வழியாக உள்ளே சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்டேட் புனிதாவுக்குக் கொடுத்த அதே சுவர்க் கடிகாரம். அது பத்து நிமிடம் பின்னால் ஓடும்.

பொங்கல் கழிந்த வாரம் வீட்டைக் காலி செய்தார்கள். தேனீப் பெட்டி எஸ்டேட் சொத்து. லோரி கிளம்பும்போது சிங்காரமும் இன்னொருவனும் அதைச் சிங்காரம் வீட்டுக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டியை அசைக்கும் முன் அவன் தட்டவில்லை. புனிதா அதைத்தான் கவனித்தாள். நாலைந்து கொட்டு வாங்கிக் கத்தினான்.

மாடியறை நூர்தீன் பாய் கடைக்கு மேலேதான் கிடைத்தது. இருபத்திரண்டு படி. பாயும் கடைப் பையன்களுமாகத் தங்கையாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. ஜன்னல் வழியாக, மலையை விட்டுத் தபா ஊர்ப் பக்கம் இறங்கும் லோரிகளைப் பார்ப்பார். புனிதா கீழே வெங்காயம் உரிக்கிறாள், மீன் கழுவுகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேலே ஓடி அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறாள். முதுகுத் தடிப்பு ஆறிவிட்டது. நடுக்கம் அவர் உட்கார்ந்தாலும் படுத்தாலும் இருக்கிறது. பின்னால் பாயின் பெட்டிகள் இருக்கின்றன. பாய் கூப்பிட்டும் அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சசிரேகா கடைக்கு வந்தாள். குழந்தை இடுப்பில் துள்ளியது. ரொட்டி சானாய் கேட்டாள், இரண்டு. சண்டை நடந்ததை மறந்தவள் போலப் பேசினாள். உண்மையில் மறந்தும் இருக்கலாம்.

"சிங்காரம் மாமா வீட்டுல இப்ப ஆறு பெட்டி பெரியம்மா. வெள்ளைக்காரங்க எல்லாம் வந்து படம் எடுக்கறாங்க. மாமா தொப்பி, வலை எல்லாம் மாட்டிக்கிட்டுச் சும்மா நிக்கிறாரு, ஈதான் வேல செய்யுது."

"தண்ணி?"

"அது பரவாயில்ல. ஆபீசுத் தோங் வரவே இல்ல. அப்புறம் எல்லாருமாச் சேந்து லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்துல இருந்து ஒரு லோரி தோங் இறக்கிட்டோம். நல்ல தோங். எல்லாம் நீலம்."

புனிதாவின் கத்தி நின்றது.

"கழுவினியா?"

"மூணு தடவ. சாம்பல், சோப்பு, சுடுதண்ணி. லயத்துல எல்லாரும் அப்படித்தான் கழுவினோம்."

"மோந்து பாத்தியா?"

"பாத்தேனே. ஒரு வாடையும் இல்ல."

"அடுத்த தடவ வேற யாரையாச்சும் மோந்து பாக்கச் சொல்லு. மருந்து அடிக்காதவங்களா பாத்து."

சசிரேகா ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே யோசித்தாள். ஒவ்வொரு வீடாக மனதில் நடந்து பார்த்தாள் போலிருந்தது. பிறகு சிரித்துவிட்டாள்.

"நம்ம லயத்துல அப்படி யாரு பெரியம்மா இருக்கா?"

புனிதா கையைக் கழுவினாள். மேலே போக நேரமாகிவிட்டது. தங்கையாவின் கஞ்சியை ஒரு கையிலும் பிளாஸ்கை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு படியேறினாள்.